முதல் படம், முதல் கச்சேரி, முதல் கூத்து

ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தபோது என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "இனிமே நிறைய நேரம் இருக்கும் சார். நல்ல படமா நாலு சொல்லுங்க." எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து முழுத்தாள் இரண்டில் இருபது படங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இயக்குநர் பெயரும் ஆண்டும் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது விசாரித்தேன். ஒரு படம்கூட அவர் பார்க்கவில்லை. "எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல சார், அப்படியே வெச்சுட்டேன்" என்றார். தாளைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் அவர்களிடம் பேசுகிறேன். இந்த அத்தியாயம் அந்தப் பேச்சைப் பற்றியதும், அதன் முடிவில் நான் வழக்கமாகச் சொல்லும் படங்கள், இசை, கூத்து ஆகியவற்றைப் பற்றியதும்தான்.

கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. "உங்களுக்குப் பிடித்த படம் எது?" என்று கேட்டால் ஆட்கள் மரியாதைக்காக ஏதாவது ஒரு பெரிய பெயரைச் சொல்வார்கள். "கடைசியாக நடுவில் எழுந்து போகாமல் பார்த்தது எது?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும். அது துப்பறியும் படமா, பழைய நகைச்சுவையா, சமையல் நிகழ்ச்சியா என்று தெரிந்துவிட்டால் அடுத்து எதைச் சொல்வது என்பதில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, அவர் யாரோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறார் என்பது. மாமனாரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும், எல்லோரும் தூங்கிய பின் கைபேசியில் பார்ப்பவருக்கும் ஒரே படத்தைச் சொல்ல முடியாது.

சொல்லும்போது கதையைச் சொல்லாதீர்கள். ஒரு காட்சியைச் சொல்லுங்கள், அல்லது இந்தப் படம் இவருக்கு ஏன் என்பதைச் சொல்லுங்கள். "கட்டாயம் பார்த்தே ஆகணும்" என்ற பேச்சே வேண்டாம். அப்படிச் சொன்னால் கேட்டவர் தலையில் ஒரு கடன் ஏறிவிடுகிறது. கடன்காரரைக் கண்டால் ஒளிவதுபோல் அவர் உங்களைக் கண்டால் பேச்சை மாற்றுவார். சொன்ன பிறகு ஒரே ஒரு முறை விசாரிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் வாதாட வேண்டாம். எந்த இடத்தில் எழுந்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்ததைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. யாருக்கு எதைச் சொன்னோம் என்பதை ஒரு பக்கமும், யார் நமக்கு எதைச் சொன்னார்கள் என்பதை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டாவது பக்கம் காலியாகவே இருந்தால், நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், கேட்கவில்லை என்று அர்த்தம்.

எந்தப் படத்தில் தொடங்குவது

"கறுப்பு வெள்ளைப் படமா, வேண்டாம்" என்று சொல்லும் இளைஞருக்கு நான் தயங்காமல் சொல்வது 'அந்த நாள்'. 1954இல் ஏவி.எம். தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அதுதான். கர்நாடக இசையில் அவ்வளவு பெரிய வித்வானாக இருந்தவர் தன் படத்தில் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். போர்க்காலச் சென்னை, ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுப் போன 1943. படம் தொடங்கியதும் ஒரு வெடிச்சத்தம், சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் செத்து விழுகிறது. பிறகு விசாரணை. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஜாவர் சீதாராமன் எழுதி, விசாரிக்கும் அதிகாரியாகவும் அவரே நடித்திருக்கிறார். இன்றைய துப்பறியும் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் சிக்கிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிபந்தனை ஒன்றுதான். கொலைகாரர் யார் என்று நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சிவாஜி அப்படியொரு வேஷத்தில் நடிக்கச் சம்மதித்ததைப் பற்றிய வியப்பைக்கூட, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை மனதிலேயே வைத்திருங்கள்.

மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் இருக்கும் விடுமுறை நாளுக்கு 'காதலிக்க நேரமில்லை'. 1964, ஸ்ரீதர். படம் எடுக்கப்போகிறேன் என்று கிளம்பும் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை ஏற்கெனவே பார்க்காத பெரியவர்கள் குறைவு. அதனால்தான் இதைச் சொல்கிறேன். காட்சி வருவதற்கு முன்பே தாத்தா சிரிக்கத் தொடங்குவார். பேரப்பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள். பாலையாவின் முகத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கதை சொல்பவர் நாகேஷ் என்றாலும், பயம் முழுக்கப் பாலையாவின் கண்ணில்தான் இருக்கிறது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எம். மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015). பீட்சா தின்ன ஆசைப்படும் இரண்டு சென்னைச் சிறுவர்கள். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதோடு, நடித்த இரு சிறுவர்களுக்கும் குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது. இதைப் பார்த்து முடித்த பிள்ளை "இது மாதிரி இன்னொண்ணு" என்று கேட்டால், ஈரானின் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' இருக்கிறது. தொலைந்துபோன ஒரு ஜோடிச் செருப்பு, அண்ணன், தங்கை. அவ்வளவுதான் கதை. பாரசீக மொழி ஒரு தடையே இல்லை. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'க்குப் போக ஓர் எட்டுத்தான். ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆண்டு பொறுங்கள். துர்காவுக்கு நேர்வதைத் தாங்கும் வயது வரட்டும்.

நான் மிகவும் நேசித்து, மிகவும் யோசித்து, குறைவான பேருக்கே சொல்லும் படம் ஒன்று உண்டு. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் ஒரு பெண், தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு, சொந்தமாகச் சின்ன வீடு ஒன்று கட்ட முயல்கிறாள். மனை, கடன், அனுமதி, கான்ட்ராக்டர், சிமென்ட் மூட்டை. இவை தவிர வேறு கதை கிடையாது. அர்ச்சனாவுக்கு இதில் தேசிய விருது. கான்ட்ராக்டரின் திருட்டை நேருக்கு நேர் கேட்கும் சித்தாள் பெண்ணாக 'பசி' சத்யா. தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வந்து, பூசாத சுவர்களைத் தடவித் தடவி ஒவ்வோர் அறையாக நடக்கிற காட்சியில் வசனமே இல்லை. இளையராஜாவின் இசை மட்டும் கூட நடக்கிறது. சொந்த வீடு என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்பதை அந்தச் சில நிமிடங்களைப் போல வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

அப்படியானால் ஏன் குறைவான பேருக்குச் சொல்கிறேன்? வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறவினர் ஒருவரிடம் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டேன். அப்போது அவருக்கு வங்கிக் கடன் பாதியில் நின்றிருந்தது. எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு அவர் தூங்கவில்லை என்று அக்கா சொன்னாள். வீடு கட்டத் தொடங்கும் முன்பாகவோ, கட்டி முடித்து நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகோ பார்க்க வேண்டிய படம் அது. நடுவில் வேண்டவே வேண்டாம்.

நாவல், சிறுகதை படிக்கிறவர்களுக்கு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய படம். பலர் கதையைப் படித்துவிட்டுப் படம் பார்க்கச் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். முதலில் படம். அதன்பின் கதையைப் படித்தால், மகேந்திரன் எவ்வளவு கொஞ்சமாக எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் தனியாக நடந்திருக்கிறார் என்பது புரியும். கல்லூரி போகும் பிள்ளைக்கு மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). ஆனால் அதைச் சொல்லிவிட்டு விலகிவிடாதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள், முடிந்த பிறகு பேசுங்கள். நம் வீட்டுக்குள்ளேயே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு 'கடைசி விவசாயி' (2022). மாயாண்டியாக வரும் நல்லாண்டி நிஜமாகவே ஒரு விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார் என்பதைப் படம் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

தொடர்கள் பற்றி ஒரு வார்த்தை

தொடர் ஒன்றைப் பரிந்துரைப்பது படத்தைப் பரிந்துரைப்பதுபோல் இல்லை. ஒருவருடைய வாழ்க்கையில் ஆறு, ஏழு மணி நேரத்தைக் கேட்கிறீர்கள். ஆகவே மிகக் குறைவாகச் சொல்லுங்கள். நான் முதலில் சொல்வது பாலு மகேந்திரா சன் டிவிக்காக எடுத்த 'கதை நேரம்'. தமிழ்ச் சிறுகதைகளிலிருந்து 52 குறும்படங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்ற கணக்கில் பார்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகளோடு பார்க்க, ஆர்.கே. நாராயண் கதைகளைச் சங்கர் நாக் 1980களில் எடுத்த 'மால்குடி டேஸ்'. கர்நாடகத்தின் ஆகும்பே கிராமம் அதில் மால்குடியானது. பயந்துகொண்டே பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1990களின் 'விடாது கருப்பு', நாகாவின் இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அன்றைய காமிராவும் ஒலியும் இன்றைய கண்ணுக்குப் பழசாகத் தெரியும். இரண்டு பகுதி பொறுத்துக்கொண்டால் பிறகு தெரியாது. புதிதாக வேண்டும் என்றால் புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' (2022), முதல் பருவம், எட்டுப் பகுதிகள். மயானக்கொள்ளைத் திருவிழாவைக் கதையின் முதுகெலும்பாக்கியிருக்கிறார்கள். தினசரி மெகாத் தொடர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. அவை அவரவர் வீட்டுப் பழக்கம்.

பாட்டிலிருந்து ராகத்துக்கு

"எனக்குக் கர்நாடக சங்கீதம் ஒண்ணும் புரியாதுங்க" என்று சொல்கிறவர்களிடம் நான் ராகம், தாளம் என்று தொடங்குவதில்லை. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு தெரியுமா என்று கேட்பேன். தெரியாதவர்கள் அபூர்வம். அந்தப் பாட்டு ஆபேரி ராகம். அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, அதே ராகத்தில் பாடப்படும் தியாகராஜரின் 'நகுமோமு' கிருதியைக் கேட்கச் சொல்வேன். யார் பாடியதானாலும் சரி. மூன்றாம் முறை கேட்கும்போது "அட, அதே வாசனை வருதே" என்பார்கள். ராகம் என்பது அந்த வாசனைதான். இதற்குமேல் இலக்கணம் தேவைப்பட்டால் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

நாதஸ்வரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகச் சொல்ல எனக்கு ஆசை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) பார்த்தவர்கள் எல்லோரும் சிவாஜியின் கன்னமும் விரலும் அசைந்ததைத்தான் பேசுகிறார்கள். அந்த இசையை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அங்கிருந்து திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் போகலாம். அவருடைய பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் இருந்தது. அதனாலேயே முதன்முறை கேட்பவருக்கு அவை தோதானவை. மூன்று நிமிடத்தில் தோடி என்ற பெரிய வீட்டின் எல்லா அறையிலும் விளக்கை ஏற்றிக் காட்டிவிடுகிறார். அவருக்குப் பிறகு அவருடைய சீடரான காருகுறிச்சியாரைக் கேளுங்கள். தெரிந்த பாட்டில் தொடங்கியவர் தெரிந்த குரலிடமே திரும்பி வந்ததாக உணர்வார்.

ஆனால் காதில் மாட்டும் கருவியில் கேட்ட நாதஸ்வரம் நாதஸ்வரத்தின் நிழல்தான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து எடுக்கிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், ஈரம் வற்றிய மரம்தான் அதற்கு ஏற்றது. திறந்த வெளிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் என்று உருவான வாத்தியம் அது. உங்கள் ஊரில் சாமி புறப்பாடு எப்போது என்று விசாரித்து, மேளக்காரர்களிடமிருந்து இருபது அடி தள்ளி நின்று கேளுங்கள். கல்யாண மண்டபத்தில், மைக்குக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டு "சத்தம்" என்று சொன்னவர்கள் பலர், கோயிலில் கேட்ட பிறகு அந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னதில்லை.

கச்சேரிக்கு முதன்முறை போகிறவருக்குச் சில நடைமுறை யோசனைகள். மார்கழி சீசனில் சென்னைக்கு வருவதானால், பெரிய பெயருக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. வளர்ந்துவரும் இளைஞர்கள் பாடுவார்கள். கூட்டம் குறைவு, மேடை அருகில். ஒரு நாளைக்கு ஒரு கச்சேரிக்கு மேல் வேண்டாம். நாளுக்கு நான்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முப்பது வருஷமாகப் பழகியவர்கள்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த முறையில்தான் இன்றும் பெரும்பாலான கச்சேரிகள் நடக்கின்றன. முதலில் வர்ணம், பிறகு சின்னச் சின்னக் கிருதிகள், ஒரு மணி நேரம் ஆனபின் விரிவான ஆலாபனையோடு மெயின், அதன் முடிவில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனும் சின்னப் பாட்டுகள். புதியவருக்கு நடுப்பகுதி சற்று நீளமாகத் தெரியும். அப்போது பாடகரை விட்டுவிட்டு மிருதங்கக்காரரின் கண்ணைப் பாருங்கள். பாடகர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார். சரியாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் இருவரும் ஒரு கணம் சிரித்துக்கொள்வார்கள். நீங்களும் அந்தக் கணத்தில் அவர்களோடு இருப்பீர்கள். தனி தொடங்கியதும் அரங்கில் ஒரு கூட்டம் எழுந்து கேண்டீனுக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். இரண்டு மணி நேரமாக இன்னொருவருக்காக வாசித்த மனிதர் தனக்கென்று வாசிக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அதுதான். எழுந்து போவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. கேண்டீன் எங்கேயும் போய்விடாது. தவலை அடையும் காபியும் முடிந்த பிறகும் கிடைக்கும்.

தெலுங்கு புரியவில்லை என்பது பலருடைய மனக்குறை. நியாயமான குறைதான். அதைத் தீர்க்கத்தான் 1943இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. ராஜா அண்ணாமலை மன்றத்தில் மார்கழியில் நடக்கும் விழாவுக்குப் போகலாம். வீட்டில் கேட்பதானால் முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் பாடல்களிலிருந்து தொடங்கலாம். டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்களும் நல்ல தொடக்கம். பிள்ளைகளுக்கு மதுரை மணி ஐயர் பாடும் 'இங்கிலீஷ் நோட்டு'. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்தது. வெறும் ஸ்வரங்கள். கேட்ட பிள்ளை அரை மணி நேரத்தில் சீட்டியடிக்கத் தொடங்கும்.

மேடையும் களரியும்

நாடகம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் ஒரு காரியம் செய்யச் சொல்கிறேன். ஐந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து, இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்'பையோ 'நந்தன் கதை'யையோ ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டுப் படியுங்கள். ஒத்திகை வேண்டாம். நடிக்கவும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது போதும். படித்து முடித்ததும் மேடையில் பார்க்க ஆசை வரும். ஆசை வந்த பிறகு தேடினால், ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களின் வழிவந்தவர்கள் சென்னையில் எங்காவது ஏதாவது நடத்திக்கொண்டிருப்பார்கள். சிரிக்க வேண்டும் என்றால் கிரேஸி மோகன் நாடகங்கள். அதற்கு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை.

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் கோயில் திருவிழாவில் 'வள்ளித் திருமணம்' பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவர் 1922இல் மறைந்தார். நூறு வருஷத்துக்குப் பிறகும் கிராமங்களில் அவர் பெயரைச் சொல்லித்தான் நாடகம் தொடங்குகிறது. இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். வள்ளியாக வருபவர் ஓர் ஊர், நாரதராக வருபவர் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சேருகிறார்கள். பாட்டு எல்லோருக்கும் பாடம். ஆனால் நாரதரும் வள்ளியும் வாதாடும் தர்க்கத்தில் யார் எதைக் கேட்பார்கள், யார் எப்படி மடக்குவார்கள் என்பது அங்கேயே பிறக்கிறது. பட்டிமன்றம் பிடிக்கும் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

இனி கூத்து. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது கூத்தாக இருக்கட்டும்.

வட மாவட்டங்களில், திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம், பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பல நாள் நடக்கும். எந்த இரவு எந்தக் கூத்து என்று அச்சடித்த நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டியிருப்பார்கள். முதன்முறை போகிறவர் எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது என்பது முக்கியம். 'கர்ண மோட்சம்' நல்லது. கதை எல்லோருக்கும் தெரியும். போருக்குப் போகும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் வாக்குவாதம், இரண்டாம் ஜாமத்தில் கிராமத்துப் பெண்களைக் கண்கலங்க வைக்கும். 'அர்ச்சுனன் தபசு' இரவானால், உயரமான தபசு மரத்தில் வேஷத்தோடு பாடிக்கொண்டே ஏறுகிறவரைப் பார்க்கலாம். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அந்த நேரத்தில் அது நாடகமா வழிபாடா என்ற கேள்வி எழாது. பகலில் போக முடிந்தவர்கள் 'படுகளம்' பார்க்க வேண்டும். தரையில் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன், அவன் தொடையில் பீமன் அடிப்பது, திரௌபதி கூந்தல் முடிவது, மாலையில் தீமிதி.

போகும் முன் இரண்டு படங்கள். 2024இல் வந்த 'ஜமா'. கூத்தில் பெண் வேஷம் கட்டும் ஒருவர் அர்ச்சுனன் வேஷத்துக்கு ஏங்கும் கதை. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்தது. இன்னொன்று, முரளி மனோகர் இயக்கிய 'கர்ண மோட்சம்' என்ற குறும்படம். அப்பா ஒருவர் கூத்துக்காக மகனைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வருகிறார். அதற்குமேல் சொல்ல மாட்டேன். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால், வேஷத்துக்குள் இருக்கும் ஆளும் உங்களுக்குத் தெரிவார்.

நான் முதன்முதலாகக் கூத்துப் பார்த்தது ஒன்பது வயதில். தாத்தா சைக்கிளில் முன்பாரில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். தொடக்க மேளக்கட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டேன். எப்போதோ விழித்தபோது இரண்டு பேர் ஒரு துணியைத் திரைபோலப் பிடித்திருந்தார்கள். அதற்குமேல் ஒரு கிரீடம் மட்டும் தெரிந்தது. கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியில் மின்னின. முகம் தெரியவில்லை. உள்ளே இருந்தவர் தன்னைப் பற்றித் தானே பாடிக்கொண்டிருந்தார். முகவீணை கூவிக்கொண்டே இருந்தது. அவர் திரையை ஒருமுறை உதைத்தார், விலகவில்லை. மறுபடி பாட்டு. எத்தனை நேரம் என்று தெரியாது. திரை விழுந்தபோது நான் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துரியோதனன். பிறகு நான் பார்த்த எந்தப் படத்திலும் ஒரு கதாநாயகனின் வருகை அந்த அளவுக்கு என்னைக் குலுக்கியதில்லை. அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, எடை குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்த மரம், என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

இரவு பத்து மணிக்குத் தொடங்கும் என்றால் பத்தரைக்கு மேல்தான் தொடங்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உட்காரப் பாய் அல்லது பழைய போர்வை, பின்னிரவுப் பனிக்கு ஒரு சால்வை, தண்ணீர், டார்ச்சு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்க்காரர்களோடு தரையில் உட்காருங்கள். கைபேசி வெளிச்சத்தை ஆடுகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேச்சுதான் உங்களுக்குச் சாவி. ராஜாவின் பாட்டில் புரியாததை அவன் சாதாரணப் பேச்சில் அவிழ்த்துவிடுவான், ஊர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்வான். விடியும்வரை இருக்க முடியாது என்று தோன்றினால், தூக்கம் வந்த இடத்திலேயே படுத்துவிடுங்கள். அங்கே பாதிப்பேர் அப்படித்தான் படுத்திருப்பார்கள். மத்தளம் எழுப்பிவிடும். முடிந்தால் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, உங்களால் இயன்ற அன்பளிப்பைக் கொடுங்கள். கட்டியக்காரன் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவான்.

செய்யாறு பக்கத்தில் புரிசை என்ற கிராமம் இருக்கிறது. கண்ணப்ப தம்பிரானின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் கூத்தாடுகிறார்கள், வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுக்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழா நேரத்தில் வர முடியாதவர்கள் அங்கே விசாரித்துக்கொண்டு போகலாம்.

வருகிற பங்குனியில் ஒரு ராத்திரியை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூங்கினாலும் பரவாயில்லை.